உப்பு போன மண்

நார்வேயில் ரிஸ்ஸா என்று ஒரு விவசாய ஊர். போட்னன் ஏரிக்கரையில் இருக்கிறது. 1978 ஏப்ரல் மாதம் அங்கே ஒரு விவசாயி மாட்டுக் கொட்டகையைக் கொஞ்சம் பெரிசாக்கிக் கட்ட நினைத்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண் சுமார் 700 கன மீட்டர். அதை எங்கே கொட்டுவது? ஏரிக்கரையில் கொட்டினார்கள். கரை கொஞ்சம் அகலமாகும், நிலமும் கூடும். நம்மூரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஏப்ரல் 29 அன்று அந்தக் கரை ஏரிக்குள் சரிந்தது. முதலில் சரிந்தது எழுபது, தொண்ணூறு மீட்டர் நீளம்தான். அதோடு நின்றிருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சரிந்த இடத்தின் பின்சுவர் சரிந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் சரிந்தது. இப்படி நிலம் பின்னோக்கித் தன்னைத்தானே தின்றுகொண்டே போனது. ஒரு கட்டத்தில் பெரிய தட்டு ஒன்று, மேலே வயலும் வீடும் அப்படியே இருக்க, மொத்தமாக ஏரியை நோக்கி நகர ஆரம்பித்தது. முக்கால் மணி நேரத்துக்குள் 33 ஹெக்டேர் நிலம் காலி. ஐம்பது அறுபது லட்சம் கன மீட்டர் மண். ஏழு பண்ணைகள், ஐந்து வீடுகள். சரிவுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நாற்பது பேர், இறந்தவர் ஒருவர். மண் போய் விழுந்த வேகத்தில் ஏரியில் அலை எழும்பி மறுபக்கம் இருந்த லெய்ரா என்ற ஊரையும் அடித்தது.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கையில் அன்றைக்கு 8 மி.மீ. கேமரா இருந்தது. எடுத்தார்கள். நார்வே நிலத்தொழில்நுட்ப நிறுவனம் அதை வைத்துப் பிறகு ஒரு ஆவணப்படம் செய்தது. இன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கும், பார்த்துவிடுங்கள். பச்சை வயல் ஒன்று படகு மாதிரி மிதந்து போகும். அதன் மேல் ஒரு வீடு, கூரை கலையாமல், கொஞ்சம் சாய்ந்தபடி கூடவே போகும். பூகம்பம் இல்லை, பெருமழை இல்லை, எரிமலை இல்லை. பகல் வெளிச்சத்தில் திடமான நிலம் திரவமாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் படத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வீடு மிதக்கும் காட்சி இல்லை. ஆய்வுக்கூடத்தில் எடுத்த சின்னக் காட்சி ஒன்று. அதே பகுதியின் களிமண்ணை உருளையாக வெட்டி மேஜைமேல் வைக்கிறார்கள். மேலே எடை வைத்தால் அசையாமல் தாங்குகிறது. அதே மண்ணைப் பாத்திரத்தில் போட்டுக் கிண்டுகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. மண் தோசைமாவாகிறது. ஊற்றினால் ஊற்றுகிறது. அடுத்து ஒரு சிட்டிகை உப்பு. நாம் சாப்பிடுகிற உப்புதான். போட்டுக் கலக்கினால், ஊற்றிக்கொண்டிருந்த மாவு திரும்பவும் கெட்டியாகிக் கரண்டியில் நிற்கிறது.

உப்பு போட்டால் களிமண் கெட்டிப்படுமா? படும். இந்தக் கட்டுரை அந்த ஒரு சிட்டிகையின் கதை.

*

இந்த மண்ணுக்கு நார்வே மொழியில் க்விக்லெய்ரே என்று பெயர். ஆங்கிலத்தில் க்விக் க்ளே. ‘விரைவுக் களிமண்’ என்று மொழிபெயர்த்தால் தப்பு. க்விக் என்ற சொல்லின் பழைய பொருள் உயிருள்ளது என்பது. பாதரசத்தை க்விக்சில்வர் என்பது அது உயிருள்ள வெள்ளி மாதிரி ஓடுவதால். ஆக இது உயிருள்ள மண். ‘உயிர்க்களி’ என்று சொல்லலாமோ என்னவோ. பெயர் வைத்த விவசாயிகளுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் எதைப் பார்த்தோம் என்பது தெரியும்.

அவர்கள் பார்த்தவற்றில் மிக மோசமானது 1893 மே 19. ரிஸ்ஸா இருக்கும் அதே ட்ரொண்டெலாக் பகுதியில் வேர்டால் பள்ளத்தாக்கு. நள்ளிரவு தாண்டி கொஞ்ச நேரத்தில் ஐந்தரைக் கோடி கன மீட்டர் களிமண் குழம்பாகிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. 116 பேர் செத்தார்கள். தூக்கத்தில் இருந்தவர்கள். மண் ஆற்றை அடைத்து, மேலே ஒரு ஏரியே உருவானது. மறுநாள் காலையில் பார்த்தவர்களுக்குத் தங்கள் ஊர் எந்த இடத்தில் இருந்தது என்று காட்ட அடையாளம் எதுவும் மிச்சமில்லை. சாதாரண நிலச்சரிவில் மண் மலையடிவாரத்தில் குவியும். இங்கே குவியவே இல்லை. ஓடியது.

ஏன் ஓடியது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தண்ணீர் அதிகமானால் மண் குழையும் என்பது தெரியும். ஆனால் இந்த மண்ணில் தண்ணீர் அதிகமாகவில்லை. சரிவதற்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ அதே அளவுதான் சரிந்த பிறகும். அப்புறம் எது மாறியது?

*

பதிலுக்குப் பத்தாயிரம் வருஷம் பின்னால் போக வேண்டும். பனியுகத்தின் கடைசி. ஸ்காண்டிநேவியாவை மூடியிருந்த பனிப்பாளம் பாறைகளை மாவாக அரைத்துக்கொண்டிருந்தது. பனி உருகிய நீர் அந்த மாவைக் கடலுக்குக் கொண்டுபோனது. நன்னீரில் மிதந்து வந்த துகள்கள் உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே படிந்தன. பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்து திரளுமே, ஏறக்குறைய அந்த மாதிரி. ஆறு கடலைச் சேரும் எல்லா இடத்திலும் இது நடக்கிறது. காவிரி கொண்டுவந்த வண்டல் கழிமுகத்தில் படிந்ததிலும் இந்த உப்புக்கு ஒரு பங்கு உண்டு.

களிமண் துகள் என்பது உருண்டை இல்லை, தட்டை. ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான சீட்டு. அதன் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ள இரண்டு சீட்டுகள் ஒன்றையொன்று தள்ளும். நன்னீரில் அதனால்தான் அவை சேராமல் நாள்கணக்கில் மிதக்கின்றன, குளம் கலங்கியே கிடக்கிறது. நீரில் உப்பு இருந்தால் கதை வேறு. உப்பின் நேர்மின் அயனிகள் துகளைச் சுற்றிப் போர்வை மாதிரி நெருங்கி நின்று அதன் விலக்கத்தை மறைத்துவிடும். இப்போது துகள்கள் கிட்டே வரலாம். கிட்டே வந்தால், எல்லாப் பொருளுக்கும் இருக்கும் ஒரு மெல்லிய ஈர்ப்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சீட்டின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் போய் ஒட்டும். சீட்டுக்கட்டு வீடு. உள்ளே நிறைய வெற்றிடம், வெற்றிடம் முழுக்கத் தண்ணீர்.

கடலடியில் இப்படிப் படிந்தது. பிறகு பனியின் கனம் போனதும் நிலம் மெல்ல மேலே எழும்பியது. சும்மா ஒன்றிரண்டு அடி இல்லை. ஆஸ்லோ பக்கம் பழைய கடற்கரைக் கோடு இன்றைய கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கடலடி வயலானது. நல்ல சமதளம், நல்ல மண். மனிதர்கள் வந்தார்கள், உழுதார்கள், மாதாகோவில் கட்டினார்கள். அந்த நேரமெல்லாம் மழைநீரும் நிலத்தடி நன்னீரும் களிமண்ணுக்குள் ஊறிப்போய், ஊறிப்போய், உப்பைக் கழுவிக்கொண்டிருந்தன. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. சில ஆயிரம் வருஷத்தில் அது சில கிராமுக்கு, சில இடங்களில் ஒரு கிராமுக்கும் கீழே இறங்கியது.

வீடு மட்டும் அப்படியே நின்றது. ஒட்டவைத்த பசை போய்விட்டது, ஆனால் யாரும் தட்டாததால் சீட்டுகள் விழவில்லை. தட்டிவிட்டால் முடிந்தது. சரிந்த சீட்டுகள் திரும்ப ஒட்ட முடியாது, உப்பு இல்லையே. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, வெற்றிடத்தில் இருந்த தண்ணீரிலேயே மிதக்க ஆரம்பிக்கும். அதே மண், அதே தண்ணீர், ஆனால் இப்போது அது குழம்பு.

*

இதைக் கண்டுபிடித்த பெருமையில் பெரும்பங்கு ஐவன் ரோசென்க்விஸ்ட் என்பவருக்குச் சேர வேண்டும். சீட்டுக்கட்டு வீடு என்ற கற்பனை அவருக்கு முன்னாலேயே இருந்தது. 1926இல் விக்டர் கோல்ட்ஷ்மித் அதைச் சொல்லியிருந்தார். கோல்ட்ஷ்மித் என்றால் நவீன புவிவேதியியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே ஆள். யூதர். 1942 நவம்பரில் நார்வே யூதர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பக் கப்பல் ஏற்றியபோது, துறைமுகம் வரை கொண்டுபோகப்பட்டு, அறிவியல் ஆலோசனைக்குத் தேவைப்படுவார் என்று கடைசி நேரத்தில் வரிசையிலிருந்து எடுக்கப்பட்டவர். அப்புறம் ஸ்வீடனுக்குத் தப்பினார். கூட நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் திரும்பவில்லை.

ரோசென்க்விஸ்ட் அந்தப் போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிரான ரகசிய உளவு அமைப்பில் இருந்தவர். எக்ஸ்.யூ. என்பது அதன் பெயர். கம்யூனிஸ்ட். போர் முடிந்ததும் அவர் எடுத்த கேள்வி வேர்டால் கேள்விதான். 1940களின் பாதியிலேயே உப்பு கழுவப்பட்டதுதான் காரணம் என்று எழுத ஆரம்பித்தார். 1953இல் அது ஆங்கிலக் கட்டுரையாக வெளிவந்து உலகம் முழுக்கப் போனது. அவர் செய்த சோதனையை யோசித்தால் எளிமையாக இருக்கிறது. உப்புள்ள கடல் களிமண்ணை எடுத்து, அதைக் கலைக்காமல், நன்னீரை மெல்ல அதன் வழியே விட்டார். இயற்கை ஆயிரக்கணக்கான வருஷத்தில் செய்ததை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பது. கழுவக் கழுவ, தொடாதவரை மண்ணின் பலம் அதிகம் குறையவில்லை. கிண்டிய பிறகு உள்ள பலம் மட்டும் அதலபாதாளத்துக்குப் போனது. 1950களின் கடைசியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் சீட்டு வீட்டையே படம் எடுத்துக் காட்டினார்.

தொடாத மண்ணின் பலத்தைக் கிண்டிய மண்ணின் பலத்தால் வகுத்தால் வருவது ‘உணர்திறன்’. சாதாரணக் களிமண்ணில் இது நான்கு, ஐந்து என்று இருக்கும். முப்பதைத் தாண்டி, கிண்டிய மண் தன் எடையைக்கூடத் தாங்காத அளவுக்கு இளகிவிட்டால் க்விக்லெய்ரே. நூறைத் தாண்டுகிற மண்ணெல்லாம் நார்வேயில் இருக்கிறது.

ரோசென்க்விஸ்ட் பற்றி இன்னொன்று. பிற்காலத்தில், நார்வே ஏரிகளில் மீன் சாவதற்கு அமில மழை மட்டும் காரணமில்லை, நிலப் பயன்பாடு மாறியதும் காரணம் என்று 1970களில் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் அவர் தோற்றார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மண்ணையும் அதன் வழியே போகும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் சொல்லாதே என்பது அவருடைய பிடிவாதம். களிமண் விஷயத்தில் ஜெயித்ததும் அதே பிடிவாதம்தான்.

*

இங்கே ஒரு சின்னச் சுற்று. களிமண்ணும் நீரும் கலந்த குழம்பில் எதையாவது ஒரு சிட்டிகை போட்டு அதன் ஓட்டத்தை மாற்றுவது மனிதனுக்குப் புதுசு இல்லை. நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தது என்ன? படிகாரக் கட்டியைச் சுழற்றியது என்ன? விலகி மிதக்கும் துகள்களைச் சேரவைப்பதுதான். படிகாரம் சமையல் உப்பைவிடப் பலமடங்கு கொஞ்சம் போட்டாலே வேலை செய்யும். அதிலிருக்கும் அலுமினிய அயனிக்கு மின்னூட்டம் மூன்று, சோடியத்துக்கு ஒன்றே ஒன்று. மின்னூட்டம் கூடக்கூட இந்தச் சக்தி கிடுகிடுவென்று ஏறும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஷூல்ட்ஸ, ஹார்டி என்ற இரண்டு பேர் விதியாக எழுதிவிட்டார்கள்.

எதிர்த் திசையிலும் ஆட்கள் போனார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன், கார்போரண்டம் கண்டுபிடித்தவர், உலோகம் உருக்கும் மூசைகளுக்கு நல்ல களிமண் தேடிக்கொண்டிருந்தார். உள்ளூர் மண் ஜெர்மன் மண் அளவுக்கு வசப்படவில்லை. டானின், அதாவது துவர்ப்புச் சத்து, சேர்த்துப் பார்த்தார். வேலை செய்தது. பைபிளில் யாத்திராகமத்தில், எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கல்லுக்கு வைக்கோல் கேட்கும் இடம் அதற்குப் பிறகு அவர் கவனத்துக்கு வந்தது. வைக்கோல் என்ன பெரிய நாரா, செங்கல்லைப் பிடித்துவைக்க? அது ஊறிய தண்ணீரில்தான் ஏதோ இருக்க வேண்டும் என்று வைக்கோலை வேகவைத்து அந்தச் சாற்றில் களிமண்ணைப் பிசைந்தார். அதுவும் டானின் மாதிரியே வேலை செய்தது.  1904இல் காப்புரிமை வாங்கி, ‘எகிப்து முறைக் களிமண்’ என்று பெயரும் வைத்தார். எகிப்தில் உண்மையாகவே அதற்காகத்தான் வைக்கோல் போட்டார்களா என்பது வேறு விஷயம், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வைக்கோல் காயும்போது விரிசல் விடாமல் இருக்கவும் உதவும். 

டானின் துகள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை இன்னும் தள்ளிவைக்கும். குழம்பு இளகும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். டெக்சாஸில் 1901இல் ஸ்பிண்டில்டாப் கிணறு தோண்டியபோது, மணல் சரிந்து துளையை மூடாமல் இருக்க, ஒரு குட்டையில் மாடுகளை ஓட்டிக் கலக்கிய சேற்றைத் துளைக்குள் செலுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. மாட்டில் ஆரம்பித்த அந்தத் தொழில் 1930களில் கெப்ராச்சோ மரத்தின் டானினுக்கு வந்துவிட்டது. சேறு ஓடும்போது இளகி, நின்றால் கெட்டியாக வேண்டும். பீங்கான் தொழிற்சாலைகளில் அச்சில் ஊற்றும் மண்குழம்புக்குச் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் மண்ணை ஊற்ற வைக்க வேண்டும்.

கவனித்துப் பாருங்கள். தண்ணீர் சேர்க்காமல் மண்ணை ஊற்ற வைப்பது. தொழிற்சாலைக்கு எது சாதனையோ, வேர்டாலில் அதுதான் 116 உயிரைக் கொண்டுபோனது.

*

இந்த மண் நார்வேக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்வீடனில் உண்டு, கனடாவில் உண்டு. பனி உருகிய கடலடி எங்கெல்லாம் நிலமாக எழும்பியதோ அங்கெல்லாம் உண்டு. நம் பக்கம் அந்த வரலாறு இல்லை. கியூபெக் மாகாணத்தில் சேன்-ழான்-வியானே என்ற ஊர், 1971 மே 4 இரவு, 31 பேர், சுமார் நாற்பது வீடுகள். ஹாக்கி ஆட்டம் பார்க்க விழித்திருந்ததால் பலர் தப்பினார்கள் என்று சொல்வார்கள். அந்த ஊர் கட்டப்பட்டிருந்ததே, சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் நடந்த இன்னும் பெரிய சரிவொன்றின் பள்ளத்துக்குள்தான். சமதளமாக இருக்கிறதே என்று கட்டினார்கள்.

அதைவிட என்னை யோசிக்கவைப்பது ஒண்டாரியோவின் லெமியூ. சௌத் நேஷன் ஆற்றின் ஓரத்தில் சின்ன ஊர். 1989இல் மண்ணைச் சோதித்தார்கள். அடியில் இதே களிமண். அரசாங்கம் ஊரைக் காலிசெய்யச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக ஒன்றும் ஆகாத இடம், கண்ணுக்கு ஒரு விரிசல்கூடத் தெரியாத நிலம், ஏதோ ஒரு ஆய்வுக்கூட எண்ணை நம்பி வீட்டை விட்டுப் போ என்றால் யார் போவார்கள்? போனார்கள். 1991க்குள் ஊர் காலி. 1993 ஜூன் 20 அன்று காலியான அந்த ஊருக்குப் பக்கத்திலேயே 17 ஹெக்டேர் நிலம் ஆற்றுக்குள் போனது. ஆறு சில நாள் அடைபட்டது. பள்ளம் விழுந்தது தெரியாமல் வண்டியோடு உள்ளே போன ஒருவர் காயத்தோடு தப்பினார். இறந்தவர் யாருமில்லை.

*

உப்புதான் போச்சு என்றால் உப்பைத் திரும்பப் போட்டுவிட வேண்டியதுதானே? ரொம்ப நியாயமான கேள்வி, பொறியாளர்களும் கேட்டார்கள். நார்வேயில் 1960களிலிருந்தே துளைபோட்டு உப்பை இறக்கிப் பார்த்தார்கள். சமையல் உப்பைவிடப் பொட்டாசியம் குளோரைடு நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்தது. 2013இல் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தின் டிராக்வோல் பகுதியில் மறுபடி உப்புக் கிணறுகள் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்கிறது. ஆனால் நேரம் பிடிக்கிறது. களிமண்ணுக்குள் தண்ணீரே நகராது. உப்பு அயனிகள் தாமாகப் பரவித்தான் போக வேண்டும். ஒரு கிணற்றிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர் பரவ வருஷக்கணக்கு ஆகும். பாத்திரத்தில் ஒரு நிமிஷத்தில் முடிந்த வேலை, பள்ளத்தாக்கில் முடியாது. கலக்கினால் சீக்கிரம் கலக்கும்தான். கலக்கக் கூடாது என்பதுதானே பிரச்சினையே!

அதனால் அவசரத்துக்குச் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். செலவு அதிகம், சாலைக்கும் பாலத்துக்கும் கட்டுப்படியாகும். மற்ற இடங்களில் செய்வது, எங்கே இந்த மண் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு அதைச் சீண்டாமல் இருப்பது. ரிஸ்ஸாவுக்குப் பிறகு, 1980 முதல், நார்வே அரசு நாடு முழுவதும் இதை வரைபடமாக்க ஆரம்பித்தது.

2020 டிசம்பர் 30, விடிகாலை நான்கு மணி. ஆஸ்லோவுக்கு வடக்கே யெர்ட்ரும் நகராட்சியின் ஆஸ்க் கிராமம். இருட்டில் நிலம் திறந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புத்தாண்டுக் குளிரில் வெளியேற்றினார்கள். அங்கே க்விக்லெய்ரே இருப்பது முன்பே தெரிந்த விஷயம். யாரும் கொட்டகைக்குத் தோண்டவில்லை. அரசு அமைத்த குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. சரிவின் அடிவாரத்தில் டிஸ்டில் என்று ஒரு ஓடை, தாண்டிக் குதித்துப் போகிற அளவு. பல வருஷமாக அது தன் படுகையை அரித்துக்கொண்டிருந்தது, சரிவைத் தாங்கிநின்ற மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. அந்த இலையுதிர் காலத்தில் மழை வேறு அதிகம். ஓடைப்படுகையில் கல் பாவினால் அரிப்பு நிற்கும். நார்வேயில் எத்தனையோ ஓடைகளில் செய்திருக்கிறார்கள். இந்த ஓடையில் அந்த இடத்தில் செய்திருக்கவில்லை.